பெட்டியா, டப்பாவா

நேற்று உன் மனைவி அந்த மரப்பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். "அவரு இல்லாம இது கண்ணெதிர்ல இருந்தா தாங்க முடியலண்ணா, நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். திறந்ததும் தேவதாருவும் புகையிலையும் கலந்த அந்த வாசனை. உடனே மூடிவிட்டேன்.

செங்கம் சாலையில் நீ வாடகைக்கு விட்ட அறையில் ஆண்டுதோறும் வந்து தங்கிய வெளிநாட்டுக்காரர்தான் உனக்குச் சுருட்டைப் பழக்கினார். கிளம்பும்போது ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போவார். நம் ஊர் வெயில் அதை விட்டுவைக்குமா? சித்திரையில் நொறுங்கியது, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடித்தது. அதற்காகத்தான் சென்னையிலிருந்து அந்தப் பெட்டியை வரவழைத்தாய். உள்ளே ஈரம் காட்டும் ஒரு முள், மூலையில் பஞ்சு. பிள்ளைக்கு மருந்து புகட்டுவதுபோல் அந்தப் பஞ்சுக்குச் சொட்டுச் சொட்டாக டிஸ்டில்டு வாட்டர் விடுவாய்.

"ரப்பர் வெச்ச பிளாஸ்டிக் டப்பா போதும்டா. ஈரத்த சமமா வெச்சுக்கிற பாக்கெட் ஒண்ணு உள்ள போட்டா ஆச்சு" என்பேன் நான்.

"டப்பாவுல வெச்சா அது ஊறுகாய்டா. மரம்னா மூச்சு விடும்" என்பாய்.

விளையாட்டாகத்தான் இருந்தது, அந்தப் பங்குனி வரைக்கும். வெயிலில் மூடி வளைந்து இடுக்கு விட்டிருந்தது. உன் விருந்தாளிகள் நாலு பேருக்கு முன்னால் நான் ஒரு சுருட்டை எடுத்து விரலால் நசுக்கினேன். சருகாக உதிர்ந்தது. "பாத்தியா? இது சுருட்டுக்கு வாங்கின பெட்டி இல்ல, உன் பவுசுக்கு வாங்கினது" என்றேன்.

"இனிமே இந்தப் பக்கம் வராத" என்றாய்.

நான் வரவில்லை. மூன்று மாதம். பௌர்ணமிக்கு மலை சுற்றும்போதுகூட, உன் வாசல் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். நீயாக வந்து ஒப்புக்கொள்ளட்டும் என்ற வீம்பு.

அந்த மூன்று மாதமும் உன் நாக்குக்கு அடியில் ஒரு புண் ஆறாமல் இருந்திருக்கிறது. "'அவன் வரட்டும், அவன்கூட ஆஸ்பத்திரிக்குப் போறேன்'னே சொல்லிட்டிருந்தாருண்ணா" என்று உன் மனைவி பிறகு சொன்னாள். ஒரு காய்ச்சல் ஊசிக்குக்கூட என் கையைப் பிடித்துக்கொள்பவன் நீ. அவள் போன் செய்த பிறகுதான் ஓடி வந்தேன். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர்.

சுருட்டு காயக்கூடாது, பூக்கக்கூடாது என்று எத்தனை கவலைப்பட்டோம்! அதைப் புகைக்கிற வாயைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை.

பேச்சு முழுதாக நின்றுபோவதற்கு இரண்டு நாள் முன்பு, குழறிக் குழறி, "நீ சொன்னதுதான்டா சரி. டப்பாவே போதும்" என்றாய். மூன்று மாதம் நான் வீம்பாகக் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். அது வந்தபோது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

உன்மேலும் கோபம் இருக்கிறது. ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? நான் வராமல் இருந்திருப்பேனா? இருந்திருக்க மாட்டேன் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அதுதான் அறுக்கிறது.

வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் இப்போதும் யாராவது "நீங்க சொன்னதுதான் சார் சரி" என்றால், பாதி வேலையில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.