செயினில் ஊற்றிய விளக்கெண்ணெய்

என் ராஜூக் கண்ணுக்கு,

உன் மோட்டார் சைக்கிளை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நீ இருந்தவரை பிரசவக் கேசுக்கெல்லாம் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாய். காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு மாட்டு வண்டியில் போய்ப் பார்த்தேன். வண்டி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வேறு வழி தெரியவில்லை.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினால் வரதய்யபாளையம் கடைத்தெருவே நின்று பார்க்கிறது. "ஓரமா நில்லுடா, டாக்டரம்மாவுக்கு ஓட்டத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது" என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. நீ கேட்டிருந்தால் அவனோடு சேர்ந்து சிரித்திருப்பாய்.

மாநில எல்லைப் பேச்சும் முடிந்துவிட்டது. திருத்தணி மதராஸ் பக்கம், நாம் ஆந்திரா பக்கம். சிக்கலான கேஸ் என்றால் இனி திருப்பதி ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதித் தர வேண்டும். அவ்வளவு தூரம் யார் தாங்குவார்கள்?

போன வாரம் மலையடிவாரத்திலிருந்து சுப்பையா ஓடிவந்தான். "தொந்தரகா வாங்க டாக்டரம்மா, சீக்கிரம். பக்கத்து வூட்டுப் பொண்ணு நேத்துலேர்ந்து வலியில துடிச்சிக்கினு கீறா." அவனையே பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கானாற்று மணலில் பாதி தூரம் போனதும் கடகடவென்று சத்தம். என்ஜின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. செயின் கழன்று தொங்குகிறது.

நீ செய்வதுபோலப் பின்சக்கரத்தைக் கையால் உருட்டிச் செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றினேன். பத்தடி போய் மறுபடி கழன்றது. கையில் ஒட்டியதைப் பார்த்தேன். எண்ணெயும் மணலும் குழைந்து, குங்குமம் கலந்து, அரைத்த விழுதுபோல. விரலால் தேய்த்தால் அரம்போல் நறநறக்கிறது. அந்த விழுதுதான் செயினுக்குள் புகுந்து ஒவ்வொரு கண்ணியாய்த் தின்றிருக்கிறது.

"உங்க தம்பி இருந்தா..." என்று தொடங்கினான் சுப்பையா. வண்டியை மணலிலேயே போட்டுவிட்டு, பையை அவன் தூக்க, இரண்டு பேரும் ஓடினோம்.

நான் போனபோது குழந்தை பிறந்திருந்தது. கழுத்தில் தொப்புள்கொடி. உடம்பு நீலம். வாயில் ஊதினேன், முதுகைத் தேய்த்தேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது ராஜூ. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் போதும். தாயைத்தான் காப்பாற்ற முடிந்தது.

திரும்பும்போது சுப்பையா கேட்டான். "எங்க அண்ணிக்கும் வர்ற மாசந்தான். இந்த வண்டிய நம்பிக்கினு இருக்கலாமா டாக்டரம்மா?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

அம்மாதான் ராஜூ. நீ போனதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் உன் வண்டிக்குப் பொட்டு வைக்கிறாள். விளக்குக்கு ஊற்றி மிஞ்சிய விளக்கெண்ணெயைச் செயின் முழுக்கச் சொட்டச் சொட்ட ஊற்றுகிறாள். "புள்ள கை பட்ட வண்டி, காய உடலாமா?" என்பாள். செயின் பளபளவென்று இருந்தது. நானும் அது நன்றாக இருப்பதாகவே நினைத்தேன்.

மண்ணில் ஓடுகிற செயின் பார்வைக்குக் காய்ந்துதான் இருக்க வேண்டும் என்பாயே. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, உள்பக்கம் மட்டும் துளித்துளியாய் எண்ணெய் விட்டு, மறுபடியும் துடைப்பாய். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்தது போதவில்லை. செயின் நடுவில் இரண்டு விரல் அகலம் தொங்கல் இருக்க வேண்டும் என்பாய். உன் விரலா, என் விரலா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவர், "நீண்டுபோச்சும்மா, இனிமே இழுத்துக் கட்ட எடமில்ல" என்றார். புதுச் செயின் மதராஸிலிருந்து வர வேண்டும். சுப்பையாவின் அண்ணிக்கு முன்னால் வருமா? தபால்காரர் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். யாராவது ஓடிவரும் சத்தம் கேட்டால் உள்ளே ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

எண்ணெய் வேண்டாம் என்று நேற்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அதுகூட கூடாதா? அப்புறம் அவனுக்குன்னு நான் இன்னா செய்றது?" என்றாள். அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னால் அவள் அப்படியே இடிந்து உட்கார்ந்துவிடுவாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. புதுச் செயின் மாட்டிய நாளிலிருந்து வண்டியை ஆஸ்பத்திரி அறைக்குள் நிறுத்திப் பூட்டுவேன். சாவி என்னிடமே இருக்கும். அம்மா கதவைத் தட்டுவாள், அழுவாள், தம்பியின் நினைப்பையே பிடுங்கிக்கொண்டவள் என்று எல்லோரிடமும் சொல்லுவாள். சொல்லட்டும். ஏன் பூட்டினேன் என்று மட்டும் அவளுக்குச் சொல்லவே மாட்டேன்.

எண்ணெய்க் கையோடு,
உன் அக்கா