இடது காதுக் கடுக்கன்

தூத்துக்குடி,
12-6-1974

அம்மாவுக்கு,

நலம் விசாரித்து எழுத இன்று கை வரவில்லை.

தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து சிரித்த முகமாக நிற்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டாரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய்.

நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்குக் காது குத்துவதில்லை, அது சாஸ்தா உத்தரவு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தாய். என் மாமியார் திருச்செந்தூரில் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தபோது மட்டும் ஏன் அதைச் சொல்லவில்லை? சொன்னால் தங்கச்சிக்குப் பேசிய சம்பந்தம் முறிந்துவிடும் என்றுதானே? கால் வீக்கம் என்று நீ வராமல் இருந்துகொண்டு, அண்ணனிடம் இரண்டு கடுக்கனைக் கொடுத்தனுப்பினாய்.

ஆசாரி முதலில் வலது காதில் குத்தினார். "ஏளா, ரத்தம் வரத்தான் செய்யும், நீ எதுக்கு அழுத?" என்றாள் மாமியார். மறுநாளும் ரத்தம் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், "ஒங்க அம்மகூடப் பொறந்த ஆம்பளைக யாரும் ரத்தம் நிக்காம செத்திருக்காகளா?" என்று கேட்டார். மாமாக்கள் இருவரும் காலராவில் போனார்கள் என்றேன், நீ சொல்லிக்கொடுத்தபடி. பக்கத்தில் நின்ற அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

தாய் வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கிற வியாதியாம். தங்கச்சி உடம்பிலும் இருக்கலாமாம்.

கல்யாணத்துக்கு வருகிறேன். வாயைத் திறக்க மாட்டேன், உன் வயிற்றில் பிறந்தவள்தானே. ஒரு கடுக்கன் என் பிள்ளையோடு மண்ணுக்குள் போய்விட்டது. போடாத இடது காதுக் கடுக்கனை இந்தக் கடிதத்தோடு அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். பத்திரமாக வை. தங்கச்சிக்கும் ஆண்பிள்ளை பிறக்கும்.

உன் மூத்த மகள்