ஈரப் பஞ்சும் சந்தனப் பவுடரும்

அடியே,

இன்று மல்லேஸ்வரத்து ஆஸ்பத்திரியில், கழிவறைக் கண்ணாடி முன் நின்று கைப்பையிலிருந்த சந்தனப் பவுடர் டப்பாவைத் திறந்தேன். வாசனையோடு நீயும் வந்து நின்றாய்.

கார்மெண்ட்ஸில் நாம் அடுத்தடுத்த மிஷினில் தைத்த காலம். மார்பகப் பரிசோதனைக்குப் பவுடர் பூசாமல் வாருங்கள், படத்தில் புள்ளியாக விழும் என்று சொல்லியிருந்தார்கள். நீயோ கழுத்து, அக்குள் என்று ஓர் இடம் விடாமல் அப்பிக்கொண்டு வந்தாய். திட்டினேன். "ஸ்ரீராம்புரத்துலேருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம், சும்மாவா போறது?" என்றாய். ஈரப் பஞ்சால் துடைத்தே நர்ஸ் ஓய்ந்துபோனார். கல்யாணத்துக்கா வந்தீர்கள் என்று அவர் கன்னடத்தில் கேட்க, "ஹௌது மேடம்" என்று கன்னடத்திலேயே ஆமாம் போட்டு, "கல்யாணப் பொண்ணே நான்தான்" என்றாய்.

உன் மார்பில் திசு நெருக்கமாக அடர்ந்திருந்தது. படம் முழுக்க வெள்ளை. கவலைப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த கட்டியும் வெள்ளைதான், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. அது வெளியே தெரிந்தபோது காலம் கடந்திருந்தது, நீ போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருடம் என் முறை. எனக்கும் உன்னைப் போலவே நெருக்கமான திசு என்றார்கள். ஆனால் இது முப்பரிமாண மிஷின். வளைவாக நகர்ந்து பல கோணங்களில் படம் எடுத்தது. டாக்டரம்மா அதைக் கம்ப்யூட்டரில் மெல்லிய அடுக்குகளாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். நம் கட்டிங் டேபிள் ஞாபகம் வந்தது. அடுக்கி வைத்த துணியில் நடுத்துணியின் கறை தெரியாது. ஒவ்வொன்றாகப் புரட்டினால் மாட்டிக்கொள்ளும். என் கறை மிளகளவுதான். "சின்னதா இருக்கும்போதே புடிச்சிட்டோம்மா" என்றார். ஊசி வைத்துச் சோதித்து, புற்றுதான் என்று உறுதி செய்து, அறுத்து எடுத்தார்கள்.

இன்று ஒரு வருடச் சோதனை. பவுடர் வாசனையே இல்லாமல் போய் நின்றேன். அடுக்கடுக்காகத் தேடிவிட்டு, "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. ஜெயித்துவிட்டேனடி! வெளியே நம் சந்துப் பெண்கள் நான்கு பேர் முறைக்காகக் காத்திருந்தார்கள். வர மாட்டேன் என்றவர்களிடம் உன் கதையைச் சொல்லி, காலையில் ஈரத்துண்டால் நானே துடைத்துவிட்டு இழுத்து வந்திருக்கிறேன்.

அதன்பிறகுதான் இந்தக் கண்ணாடி, இந்த டப்பா. ஒரு பூச்சு எனக்கு, ஒரு பூச்சு உனக்கு. கொஞ்சம் அதிகம்தான்.

வெளியே வந்ததும் அந்த நால்வரில் ஒருத்தி சிரித்தாள். "இன்னாக்கா, கல்யாணத்துக்கா?"

"ஆமாண்டி," என்றேன், "கல்யாணப் பொண்ணே நான்தான்."