இடது தோளில் வெளிச்சம்

ஜூன் 3
பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கான லைசென்ஸ் சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். இனி பழசைக் கொடுத்தால் புதுசு கிடைக்காது, பரீட்சை உண்டு. தோட்டத்து மேஸ்திரி சொன்னார்: "பதிலை வாயாலேயே சொல்லலாம் பாட்டி. ஆனா அடிச்சுக் காட்டணும்." இத்தனை வருஷமா நான் என்ன விசிறியா வீசிக்கிட்டிருந்தேன்?

ஜூன் 5
இன்றும் மருமகள் பேத்தியைக் கொடுக்கவில்லை. கைகால் கழுவிவிட்டுத்தான் கேட்டேன். "குளிச்சுட்டு வாங்க அத்தை." போன மழைக்காலத்தில் முதன்முதலாக இதைச் சொன்னபோது பச்சை நைட்டி போட்டிருந்தாள், கையில் பால் புட்டி. மறப்பேனா? என் இடது தோளில் சாய்ந்தால்தான் குட்டிக்குத் தூக்கமே வரும்.

ஜூன் 11
பரீட்சை. கேள்விக்கெல்லாம் சரியாகச் சொன்னேன். பிறகு டேங்கில் மருந்துக்குப் பதிலாக ஏதோ கலந்த தண்ணீர். நிறமே இல்லை. வழக்கம்போல் அடித்தேன், மேலங்கியைக் கழற்றினேன், குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக் கொட்டகையில் வைத்தேன், சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பரீட்சை வைக்கிற அம்மா ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிறுத்தி ஊதா விளக்கைப் போட்டாள்.

எப்படி எழுதுவேன் இதை —

கை சுத்தம். காது மடல் மின்னுகிறது. கழுத்தோரம் பொடிப்பொடியாக. இடது தோளில் ஒரு கை அகலத்துக்குப் பச்சை வெளிச்சம். வானத்தைக் கிட்டத்தில் பார்த்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாமல் இத்தனையுமா என்மேல் இருந்தது, தினமும்?

"தண்ணியில கலந்த வெறும் சாயம்தான், இந்த விளக்குலதான் தெரியும், பயப்படாதீங்க," என்றாள். "குழாயை யாரு தோள்ல போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. இருக்கிறது ரெண்டு கைதானே."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஃபெயில் போட்டாள். அதையும் மறக்கமாட்டேன்.

குட்டி கன்னம் வைக்கிற இடம் அது.

ஜூன் 12
மருமகளிடம் சொல்லவில்லை. சொல்லுவேனா நான்?

ஜூன் 18
மறுபடி அதே அறை. இந்தத் தடவை குழாயை வாளியில் போட்டுத் தூக்கிப்போனேன். மேலங்கியைக் கடைசியில்தான் கழற்றினேன். விளக்கு போட்டதும் எங்கேயும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நான் நிற்கிறேனா என்றே தெரியாத இருட்டு. அதுவும் அழகாகத்தான் இருந்தது. பாஸ்.

ஜூன் 24
புது லைசென்ஸ் வந்துவிட்டது. வேலை முடிந்து வரும்போதே வாசலில் மருமகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டோல யாரை முறைக்கிறீங்க அத்தை?" என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, நான் கேட்காமலே குட்டியை நீட்டினாள். அதுவும் இரண்டு கையையும் விரித்துத் தாவுகிறது.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இரு, குளிச்சுட்டு வந்துடறேன்."