புது லைன் ரெண்டு

தை, வெள்ளி இரவு

காலையில் துறைமுகத்திலிருந்து மச்சினன் போன் செய்தான். அங்கே சரக்கு வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ரயில்வேயில் அவனுக்கு வேலை. சுற்றிலும் கம்பெனிகள் பெருகிவிட்டதால் இடம் போதாமல், எங்கள் கொட்டச்சேடு எஸ்டேட் காப்பி போகும் வண்டிகூட நாள்கணக்கில் வெளியே நிற்கும். "மாமா, புதுசா ரெண்டு லைன் போட்டாச்சு. இனிக் காத்துக் கெடக்க வேண்டாம்" என்றான்.

சந்தோஷம் தாங்காமல், எழுதிக்கொண்டிருந்த எஸ்டேட் கணக்கை மூடிவிட்டு, காப்பி பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஓடி, "புது லைன் ரெண்டு வந்தாச்சு!" என்று கத்திவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல! எஸ்டேட்டில் லைன் என்றால் வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் அல்லவா? எல்லோரும் கைதட்டினார்கள். தங்கச்சி குடும்பத்தோடு ஒரே வீட்டில் நெருக்கியடித்துக் கிடக்கும் மருதாயி, கூடையை இறக்கிவிட்டு வந்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, எனக்குக் கடைசி ஊடு குடுங்க. கோழி வளக்கத் தோதா இருக்கும்."

ரயில் லைன் என்று விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். மருதாயி மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பக் காப்பி இனி வெரசாப் போகும். மொதலாளி ஆளு நொம்பச் சேப்பாரு. அவங்கெல்லாம் எங்கீங்க படுப்பாங்க?"

சாயங்காலம் முதலாளியிடம் அதே கேள்வியை அப்படியே கேட்டுவிட்டேன். அவரும் முதலில் சிரித்தார். பிறகு, "எத்தனை வீடு வேணும்னு எழுதிக் கொண்டாங்க" என்றார்.

இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் வரி: கடைசி வீடு, மருதாயி, கோழிக்கூண்டோடு.