லின்டன்றோட்டின் வெள்ளைத்துணி நாள்

லின்டன்றோட், ஜேர்மனி
19.04.2009

அன்புத் தம்பி சீமோனுக்கு,

மாதாவின் காவலில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். போனில் கதைத்தால் இரண்டு பேருக்கும் அழுகைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

இன்று எங்கள் ஊரில் வெள்ளைத்துணி நாள். வீட்டுக்கு வீடு ஜன்னலில் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவார்கள். இந்தச் சின்ன ஊர் முந்தி எந்தச் சிற்றரசனுக்கும் கீழே இருந்ததில்லையாம். பேக்கரிப் பாண் விலையைக்கூட நகரசபை கூடி, கை தூக்கித்தான் முடிவு செய்யுமாம். ஹிட்லர் காலத்தில் அந்த உரிமை போய்விட்டது. ஆனால் 1945இல் அமெரிக்கர் எல்லைக்கு வந்ததும் பழைய சபைக்காரர் தாங்களாகவே கூடி, கடைசிவரை சண்டை பிடி என்ற கட்டளையை மீறி, வெள்ளைத்துணி கட்டினார்களாம். ஒரு கூரை ஓடுகூட உடையவில்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இம்முறை நானும் ஒன்று தொங்கவிட்டேன். எதிர்வீட்டு லென்ஸ் அம்மா மட்டும் மாட்டேன் என்றுவிட்டா, சரியான பிடிவாதக்காரி.

போன கிழமை எங்கள் அன்ரனெற் வன்னிச் சண்டைக்குள்ளிருந்து போன் எடுத்தவள். "இவர் தான் உடுக்கிற வெள்ளைச் சாரம் ஒண்டை எடுத்து வச்சிருக்கிறார் அக்கா, வழி கிடைச்சா வெளியால வந்திடுவம்" என்றாள். தங்கச்சியின் மனுசன் அமிர்தநாதர் நிதானமான ஆள். நீ வேறு ஏதும் சொல்லி அவர்களைக் குழப்பாதே.

உன் பெரியக்கா
வேரோனிக்கா

ரொறன்ரோ
22.05.2009

என் பெரியக்காவுக்கு,

எழுத்து விளங்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது. போரை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியூவில் குந்தியிருந்த எங்கள் சனம் செய்தி கேட்டும் எழும்பவில்லை. நான் வேலைக்கென்று பிறம்ரன் பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்பு வந்தும் இறங்காமல் இருந்தேனாம். ட்ரைவர் வந்து தட்டினான்.

அன்ரனெற் சின்னக்கா அகதி முகாமிலிருந்து இன்று போன் எடுத்தா. அவ உயிரோடு இருக்கிறா. அத்தான் இல்லை, அக்கா. வெள்ளைச் சாரத்தை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தாராம். சூடு எந்தப் பக்கமிருந்து வந்ததென்று அவவுக்கே தெரியாது. பின்னால் வந்த சனம் அவவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. "முகத்தைக்கூட மூடேல்லையடா தம்பி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னா.

வெள்ளைத்துணி பிடித்த மனுசனை எப்படி அக்கா? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

சீமோன்

லின்டன்றோட்
20.04.2010

அன்புத் தம்பிக்கு,

நேற்று வெள்ளைத்துணி நாள். என்னால் தொங்கவிட முடியவில்லை. வெறும் ஜன்னலைப் பார்த்துவிட்டு லென்ஸ் அம்மா வாசலுக்கு வந்தா. "உன் வீட்டிலும் யாராவது?" என்று கேட்டா. அமிர்தநாதரைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவ தன் கதையைச் சொன்னா.

1945இல் ஊர் வாசலில் துணியைக் கட்டியவர் அவவின் அப்பா, பாண் போடுகிறவர். சபை சொல்லித்தான் கட்டினார். பின்வாங்கி வந்த ஜேர்மன் அதிகாரி ஒருவன், கட்டியவனைத் தராவிட்டால் ஊரைக் கொளுத்துவேன் என்றிருக்கிறான். சபை மறுபடி கூடியது. மறுபடி கை தூக்கியது. தாங்கள் அனுப்பிய மனுசனைத் தாங்களே பிடித்துக் கொடுத்தார்கள். சந்தை மரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள், அடுத்த நாள் அமெரிக்கர் வந்துவிட்டார்கள். விழாவில் அப்பாவின் பெயரை வாசியுங்கள் என்று லென்ஸ் அம்மா கேட்காத வருடமில்லை. அதையும் கை தூக்கித்தான் மறுக்கிறார்களாம். இந்த ஊரில் இத்தனை வருடம் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறேனே, கடவுளே!

இப்போது ஒன்று கேட்கிறேன். மே மாதம் ரொறன்ரோவில் எங்கள் ஊர்ச் சங்கத்தில் இறந்தவர்களின் பெயர் வாசிப்பீர்கள். நீதானே செயலாளர், அமிர்தநாதரின் பெயரையும் வாசி. முகாமை விட்டு மன்னாருக்கு வந்திருக்கும் அன்ரனெற் கேட்பது இது ஒன்றைத்தான். "கல்லறையும் இல்லை, பேரையாவது ஓரிடத்தில வாசிக்கட்டும்" என்கிறாள்.

அக்கா

ரொறன்ரோ
24.05.2010

அன்புள்ள பெரியக்கா,

நீங்கள் கோபிப்பீர்கள் என்று தெரியும். பெயர் வாசிக்கவில்லை.

நிர்வாகசபையில் நான் கேட்டேன். தலைவர் நீக்கிலாப்பிள்ளை அண்ணை எழும்பி, "உவர் வெள்ளைத்துணி பிடிச்சு வெளியால வந்த ஆள். சண்டையில செத்த எங்கட பெடியளின்ர பேரோட உவரின்ர பேரை வாசிக்கேலாது" என்றார். வாக்கெடுப்புக்கு விட்டார்கள். வாசிக்க வேண்டாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். செயலாளர் மட்டும் சும்மா இருந்தால் சங்கம் உடைந்துவிடும், அதனால் நானும் தூக்கினேன். அத்தானுக்கென்று ஸ்காபுறோச் சேர்ச்சில் தனியாக ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன். இங்குள்ள நிலைமை உங்களுக்கு விளங்காது அக்கா.

சீமோன்

லின்டன்றோட்
02.06.2010

சீமோன்,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே வாசித்தேன். அதிகாரிக்குப் பயந்து இந்த ஊர்க்காரர் கை தூக்கினார்கள். உன்னை அங்கே யார் மிரட்டினார்கள்?

நேற்று அன்ரனெற் எடுத்தாள். "பேர் வாசிச்சவையோ அக்கா?" என்றாள். "ஓம், சீமோன்தான் வாசிச்சவன்" என்றேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக அல்ல, உண்மை அவளுக்குத் தாங்காது என்பதற்காகச் சொன்னேன். நிறைய நேரம் அழுதாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் குரலில் சந்தோசம் கேட்டது. பிறகு, "தம்பிக்கு நானே நன்றி சொல்ல வேணும், அவன்ர புது நம்பரைத் தாங்கோ" என்றாள்.

கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எடுப்பாள்.

இனி எனக்கு எழுதாதே. அவள் எடுக்கும்போது போனை எடு.

வேரோனிக்கா