இரண்டு தொட்டி, இரண்டு டப்பா

17 செப்டம்பர் 2025, புதன்

காவேரித் தண்ணீர் இன்றும் வரவில்லை. கீரைக்காரியும் வரவில்லை. பேத்தி தர்ஷினி தோசையைத் தொடாமலே ஆபீஸ் போய்விட்டாள். ஆறியதை நானே தின்றேன்.

20 செப்டம்பர், சனி

ஏன் சாப்பிடுவதில்லை என்று தர்ஷினியைக் கேட்டுவிட்டேன். அவள் கம்பெனி, மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத் தானாகவே மோட்டார் போடும் டப்பா செய்கிறது. அதற்குள் போடும் சாஃப்ட்வேரை எந்த டூலில் எழுதுவது என்பதுதான் சண்டை. ஒன்று ரெடிமேட், எல்லாம் ஒன்றாய்க் கட்டி வருவது, சீக்கிரம் முடியும். அவள் மேனேஜர் ரகுராம் சாருக்கு அது பிடித்திருக்கிறது. இன்னொன்றைக் கற்க நாளாகும். ஆனால் தொட்டியைப் பார்ப்பது, மோட்டார் போடுவது, போனுக்குச் செய்தி அனுப்புவது எல்லாம் தனித்தனித் துண்டு. ஒன்றை மாற்றினால் மற்றது கெடாது. இவளுக்கு இது வேண்டும்.

"குக்கர்ல கேஸ்கட் போச்சுன்னா கேஸ்கட்ட மட்டும்தானே ஆயா மாத்துவ, அந்த மாதிரி..."

"எனக்கு எது சொன்னாலும் அடுப்படியிலதான் சொல்லணுமா? நேரா சொல்லுடி, புரியும்."

நேராகச் சொன்னாள். பாதி புரிந்தது. மீதியை நான் கேட்கவில்லை. அஞ்சாவது வரைதான் என்றாலும் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான்.

இவள் டூல் ஜெயித்தால் வேலை முழுக்க இவள் கையில். இல்லாவிட்டால் க்ளென் என்ற பையன் கைக்குப் போகும். சேர்ந்த நாளாக இதற்குத்தான் காத்திருக்கிறாள்.

24 செப்டம்பர், புதன்

இரண்டு டூலையும் சோதித்துப் பார்க்கப் போகிறார்களாம். இவள் டூலில் எழுதியது எங்கள் தொட்டிக்கு. ரெடிமேட் டூலில் எழுதியது அடுத்த வீட்டுக் கிளாரன்ஸ் தொட்டிக்கு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரகுராம் சார் வந்து பார்த்து முடிவு சொல்வார். அதுவரை மோட்டார் சுவிட்சைக் கையால் தொடக்கூடாது.

கிளாரன்ஸ் மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன ரத்தினம்மா, பெட் கட்டலாமா?" என்றார்.

"உங்க டப்பாவுக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க, போங்க."

28 செப்டம்பர், ஞாயிறு

தானே ஓடுகிறது, தானே நிற்கிறது! கறிக்கடை வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். தர்ஷினிக்குத் தெரிந்தால் திட்டுவாள்.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

மிக்ஸி, தையல் மிஷின், அரிவாள்மனை எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தேன். தர்ஷினி லேப்டாப்புக்கு மூடிமேல் மட்டும். உள்ளே வைத்தால் கத்துவாள். பிறகு மாடிக்குப் போய்த் தொட்டி மூடியைத் திருப்பினேன். மூடியின் உட்புறம் மாட்டிய டப்பாவின் அடியில் இரண்டு வட்டக் கண். இவள் அப்பா ஆட்டோவின் விளக்குகளுக்கு வைப்பதுபோல இரண்டிலும் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். என் பேத்தி செய்த மிஷின். அழகாக இருந்தது.

3 அக்டோபர், வெள்ளி

ஐயோ. கீழே சம்ப்பில் நிறையத் தண்ணீர், மேலே குழாயைத் திறந்தால் காற்று. போனில் தொட்டி நிறைந்திருக்கிறது என்று காட்டுகிறதாம். மோட்டார் போடவே இல்லை. ரகுராம் சார் வந்து, கை கழுவக் குழாயைத் திறந்து, அப்படியே நின்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கிளாரன்ஸ் வீட்டில் மோட்டார் ஓடும் சத்தம் இங்கே கேட்டது.

4 அக்டோபர், சனி

தர்ஷினி லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுதியதையே மேலும் கீழும் படிக்கிறாள். காப்பி வைத்தேன், ஆறியது. மறுபடி வைத்தேன். அவள் பார்க்கும் அந்தத் திரையில் ஒரு எழுத்துகூட என் எழுத்து இல்லை. சாப்பிட்டியா என்பதைத் தவிர எனக்குக் கேட்க என்ன இருக்கிறது?

5 அக்டோபர், ஞாயிறு

மாடிக்கு ஏறினாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள். துப்பட்டா நுனி ஈரம். லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

8 அக்டோபர், புதன்

கிளாரன்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. "தர்ஷினியோட மேனேஜர் நேத்து வந்தாரு. ரெடிமேட் டூல்தானாம், கையெழுத்தே ஆயிடுச்சாம். நம்ம வீட்டுது சக்கத்தா, சூப்பரா ஓடுதே! உங்க பொண்ணு அந்தக் கண்ண அழுக்கா வெச்சிருந்துதாம். அதுவே ஒத்துக்கிச்சாம்."

அழுக்கா? என் பேத்தியா?

மூச்சு வாங்க மாடி ஏறி மூடியைத் திருப்பினேன். கண் இரண்டும் பளிச்சென்று இருந்தது. விளிம்பில் மட்டும் சிவப்பாய் ஒரு கோடு.

குங்குமம். என் கை. நான் வைத்தது.

9 அக்டோபர், வியாழன்

"போன போடுடி. அந்த ஆள்கிட்ட நானே சொல்றேன்."

போனைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வேணாம் ஆயா. ஊரே பூஜை பண்ணுது, நீ பண்ணா என்ன? கண்ணு மறைஞ்சா மறைஞ்சிருக்குன்னு அது சொல்லணும். அந்தத் துண்ட நான் எழுதவே இல்ல. தப்பு என்னுதுதான்."

"நான் செஞ்சதுன்னாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எதுக்கு? ஆபீஸே உன்ன வெச்சு சிரிக்கறதுக்கா?"

என் கௌரவத்தைக் காப்பாற்ற அவள் நல்ல பெயரைக் கொடுத்திருக்கிறாள். யார் கேட்டது என் கௌரவத்தை? எங்கே போய் இதைத் திருப்பிக் கொடுப்பேன்?

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

அதிரசம் சரியாக வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று தின்றாள்.

2 நவம்பர், ஞாயிறு

நேற்று க்ளென் வந்து எங்கள் தொட்டியிலும் புது டப்பா மாட்டினான். நல்ல பையன். தர்ஷினி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்று பழைய டப்பாவை மேசையில் கவிழ்த்து வைத்து என்னைக் கூப்பிட்டாள். "அன்னிக்கு வெச்ச மாதிரியே வை ஆயா. சந்தனம், குங்குமம், எல்லாம்."

வைத்தேன். அவள் போன் கூவியது. என்னிடம் நீட்டினாள். தமிழில் இருந்தது, நான் படிக்கவென்று: "கண் மறைந்திருக்கிறது. துடைக்கவும்."

"எப்போடி எழுதின?"

"சும்மா. இந்த ஒரு துண்டு மட்டும்தான். மத்தது எதையும் தொடல."

"அப்ப அத மேல இருக்கற டப்பால போடேன்."

"அதுல இதுக்கு இடமே இல்ல ஆயா. அவங்க குடுத்தது மட்டும்தான் ஓடும். நாம எதுவும் சொருக முடியாது."

துப்பட்டாவால் கண்களைத் துடைத்தாள், டப்பாவின் கண்களை. பீரோவில் அவள் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அப்போது மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது.